ஜே தோமஸ்: காலை வானொலிப் பகிடிக்காரர் குணச்சித்திர நடிகரான கதை

ஊடகக் கற்கைகளில் பட்டம் முடித்து வெளியே வந்த புதிதில் சில மாதங்கள் ஒரு பண்பலை வானொலியில் காலைநேர நிகழ்ச்சி செய்தேன். பாடல், நேரம், காலநிலை, இடையிடையே பகிடி. ஒருநாள், தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லாத கணவன்மாரைப் பற்றி ஒரு பகிடி விட்டேன். கலையகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பாடல் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா அழைத்தார்.

"தம்பி, நான் கோவத்தில எடுக்கேல்லை. இவரைக் காணாமல் போய் இத்தினை வருசம். அவர் எப்பவாவது எடுப்பாரெண்டு வீட்டு நம்பரை இன்னும் மாத்தாமல் வைச்சிருக்கிறன். நீங்கள் சொல்லேக்க நானும் சிரிச்சுப்போட்டன். பிறகுதான் அழுகை வந்தது."

மன்னிப்புக் கேட்டேன். "இல்லைத் தம்பி, பகிடி விடுறதை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான், விடிகாலையில் முகம் தெரியாதவர்களைச் சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படி அறிமுகமானவர்களில் என்னுடன் அதிக காலம் தங்கிவிட்டவர் ஜே தோமஸ். அமெரிக்காவில் காலைநேர வானொலியில் பகிடிக்காரராகப் பெயரெடுத்து, பின்னர் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் குணச்சித்திர நடிகராக இரண்டு எமி விருதுகள் பெற்றவர். எங்கள் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு பகிடி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அவருடைய தொழில் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம்.

நியூ ஓர்லியன்ஸிலிருந்து நியூயோர்க்குக்கு

ஜோன் தோமஸ் டெரல் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1948 ஜூலை 12 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் கேர்மிட் என்ற சிறிய ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூ ஓர்லியன்ஸில். எழுபதுகளின் முற்பகுதியில் வட கரோலினாவின் சார்லட் நகரில் வானொலி அறிவிப்பாளராக இருந்தார். பெரிய நகரம் அல்ல. ஆனால் அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த கதை அங்கேதான் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1976இல் நியூயோர்க்கின் '99 எக்ஸ்' வானொலிக்குக் காலைநேர அறிவிப்பாளராகப் போனார். அமெரிக்க வானொலியில் அது மிகப் பெரிய பாய்ச்சல். நாட்டிலேயே அதிக நேயர்களைக் கொண்ட நகரத்தில், நாளின் மிக முக்கியமான நேரம் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரிடம் கொடுக்கப்பட்டது.

ஏன் காலை நேரம் இவ்வளவு முக்கியம்? ஏறத்தாழ ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மக்கள் எழும்புகிறார்கள், குளிக்கிறார்கள், காரில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அமெரிக்க நகரங்களில் அந்தக் கார்ப் பயணம்தான் வானொலியின் உயிர். விளம்பரக்காரர்கள் கூடிய பணம் கொடுப்பதும் அந்த நேரத்துக்குத்தான். ஒரே பாடல்களை நாலைந்து நிலையங்கள் ஒலிபரப்பும்போது, நேயரைத் தம் பக்கம் இழுக்க நிலையங்களிடம் இருந்தது அறிவிப்பாளரின் வாய் மட்டுமே. அதனால் காலை நேரத்துக்கு நல்ல குரல் உள்ளவரைவிட நன்றாகப் பகிடி விடுபவரைத் தேடினார்கள்.

அந்தக் காலத்தில் நேயர் எண்ணிக்கையைக் கணக்கிட்ட ஆர்பிட்ரன் நிறுவனம், தெரிவுசெய்த நேயர்களிடம் ஒரு சிறு நாட்குறிப்பைக் கொடுத்துவிடும். ஒரு வாரத்துக்கு எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று அவர்களே கையால் எழுதி அனுப்புவார்கள். எழுத வேண்டுமானால் நிலையத்தின் பெயரோ அறிவிப்பாளரின் பெயரோ நினைவில் நிற்க வேண்டும். ஆகவே காலை அறிவிப்பாளரின் வேலை நன்றாகப் பேசுவது மட்டுமல்ல, மறக்க முடியாதபடி பேசுவது. கொஞ்சம் துடுக்கு, கொஞ்சம் வம்பு, சில வேளைகளில் எல்லை மீறல் எல்லாம் அந்தத் தொழிலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தன. ஜே தோமஸ் அந்த வார்ப்பில் வந்தவர். வேகமாகப் பேசுவார், நேயர்களோடு வாதாடுவார், மனதில் பட்டதைச் சொல்வார்.

முதல் வேடம்

1979இல் நியூயோர்க் வானொலியை விட்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். ரொபின் வில்லியம்ஸ் வேற்றுக்கிரகவாசியாக நடித்துப் புகழ்பெற்ற 'மோர்க் அன்ட் மின்டி' தொடரின் இரண்டாவது பருவத்தில், தங்கையோடு சேர்ந்து உணவுக்கடை நடத்தும் ரெமோ டாவின்சி என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது.

வானொலியில் நான்கு மணிநேரம் தனியாகப் பேசிப் பழகியவருக்கு அது நல்ல பள்ளிக்கூடமாக இருந்திருக்கும். கதாநாயகன் எழுத்தில் இல்லாததையெல்லாம் படப்பிடிப்பில் சொந்தமாகப் பேசித் தள்ளுகிற ரொபின் வில்லியம்ஸ். எதிரே நிற்பவரின் வேலை அவரோடு போட்டிபோடுவதல்ல. அவர் பேசுவதைக் கவனமாகக் கேட்டு, சரியான கணத்தில் ஒரு வார்த்தை சொல்வது. குணச்சித்திர நடிப்பின் அடிப்படை அதுதான்.

அந்தப் பருவத்தில் தொடர் வியாழக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டு, பார்வையாளர்களை இழந்தது. 1981இல் ரெமோ பாத்திரமும் முடிந்துபோனது. ஜே தோமஸ் மீண்டும் நியூயோர்க்குக்குப் போய்க் காலை வானொலியில் அமர்ந்தார். நடிகன் என்று புறப்பட்டுப் போனவர் பழைய கதிரைக்கே திரும்பி வந்தார். அதை ஒரு தோல்வியாகப் பார்க்கலாம். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் இருந்தது. நடிப்பு வரும், போகும். வானொலி சோறு போடும்.

ஒரு பகிடியின் விலை

1986இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'பவர் 106' என்ற புதிய வானொலி நிலையம் நடன இசையை முன்வைத்துத் தொடங்கியது. ஜே தோமஸ் அதன் காலைநேர அறிவிப்பாளரானார். 1993 வரை அங்கேயே இருந்தார். இந்த ஏற்பாடு அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. விடிகாலையில் வானொலி, பத்து மணிக்குப் பின் படப்பிடிப்பு. இரண்டும் ஒரே நகரத்தில்.

1987இல் 'சியர்ஸ்' தொடரில் நடிக்க அழைப்பு வந்தது. பொஸ்டன் நகரத்து மதுச்சாலை ஒன்றைச் சுற்றி நடக்கும் நகைச்சுவைத் தொடர் அது. அக்காலத்தில் அமெரிக்காவில் மிக அதிகமானோர் பார்த்த தொடர்களில் ஒன்று. அதில் கார்லா என்ற வாயாடிப் பரிசாரகியாக ரியா பேர்ள்மன் நடித்தார். ஜே தோமஸுக்குக் கிடைத்தது அவருடைய காதலனான எடி லெபெக் பாத்திரம். பொஸ்டன் ஐஸ் ஹொக்கி அணியின் கோல் காப்பாளன், சகுனங்களை நம்புகிற மனிதன். பார்வையாளர்களுக்குப் பிடித்துப்போனது. பாத்திரம் மீண்டும் மீண்டும் வந்தது. எடியும் கார்லாவும் திருமணம் செய்துகொண்டார்கள்.

பின்னர் 1989 நவம்பரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் எடி செத்துப்போனான். ஹொக்கி அணியில் இடமிழந்து, ஊர் ஊராகப் போகும் பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றில் பென்குயின் வேடம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவன், பனித்தளத்தை மட்டப்படுத்தும் 'சம்போனி' இயந்திரத்தில் அடிபட்டு இறந்துவிடுகிறான். அது போதாதென்று, மரணச்சடங்கில் இன்னொரு மனைவியும் வந்து நிற்கிறாள்.

ஒரு பாத்திரத்தைத் திரும்பி வரவே முடியாதபடி இப்படி முடித்துவைத்தது ஏன்? அந்த அத்தியாயத்தை எழுதிய இருவரில் ஒருவரான கென் லெவின் பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன்படி, காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் ஜே தோமஸிடம், சியர்ஸில் நடிப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ரியா பேர்ள்மனை முத்தமிட வேண்டியிருப்பது பெரிய கஷ்டம் என்ற தொனியில், அவருடைய தோற்றத்தைக் கேலி செய்யும்படி ஜே தோமஸ் ஏதோ சொல்லிவிட்டார். அன்றைக்கு வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரியா பேர்ள்மனும் ஒருவர்.

இந்தச் சம்பவத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சம்போனி மரணம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபலமான மரணங்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் எனக்கு அதை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. கலையகத்தில் இருந்தவர்கள் அன்றைக்கும் சிரித்திருப்பார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரிவது கலையகத்தில் இருக்கும் நாலு முகங்கள்தான். மேடைக் கலைஞர் ஒருவர் தவறாகப் பேசினால், முன்வரிசையில் ஒரு முகம் சுருங்குவதைக் கண்டு அடுத்த வரியை மாற்றிக்கொள்ளலாம். வானொலிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

ஜெரி கோல்ட்: தன்னையே கேலி செய்த வேடம்

எடி லெபெக் செத்தது ஜே தோமஸின் நடிப்பு வாழ்க்கையின் முடிவாக இருந்திருக்கலாம். நடந்தது வேறு. அதே 1989இல் 'மர்பி பிரவுண்' தொடரில் ஜெரி கோல்ட் என்ற கௌரவ வேடத்தில் அவர் தோன்றினார். கண்டிஸ் பேர்கன் நடித்த மர்பி, தலைநகரத்தில் பணியாற்றும் கண்டிப்பான செய்தியாளர். ஜெரி கோல்ட், விருந்தினர்களை அவமானப்படுத்தி, கத்திக் கூச்சலிட்டுப் பார்வையாளர்களைச் சேர்க்கும் மலிவான உரையாடல் நிகழ்ச்சிக்காரர். இருவரும் சண்டை பிடிக்கிறார்கள், பிறகு காதலிக்கிறார்கள்.

இந்த வேடத்தில் ஜே தோமஸ் எதைப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். காலை வானொலியின் துடுக்கு, வேகம், எல்லை மீறல் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். ஆனால் இம்முறை கேலிக்கு உள்ளாவது வேறொருவர் அல்ல, அந்த வாய்த்துடுக்குக்காரன்தான். அவன் சத்தம் போடுவது பயத்தினால் என்பதையும், மர்பிக்கு முன்னால் அவனுக்குப் பேச்சு வராமல் போவதையும் நடிப்பில் காட்டினார். 1990இலும் 1991இலும், நகைச்சுவைத் தொடரின் சிறந்த கௌரவ நடிகருக்கான எமி விருது அடுத்தடுத்து அவருக்குக் கிடைத்தது. சியர்ஸில் அவரைச் சாகடித்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் முதல் விருது.

மர்பி பிரவுணை உருவாக்கிய டயன் இங்லிஷ் தன் அடுத்த தொடரான 'லவ் அன்ட் வோர்' இல் அவரையே நாயகனாக்கினார். 1992 முதல் 1995 வரை ஓடிய அந்தத் தொடரில் ஜாக் ஸ்டைன் என்ற பத்திரிகைப் பத்தி எழுத்தாளராக நடித்தார். பல வருடங்களுக்குப் பிறகு 'ரே டொனவன்' தொடரில் நட்சத்திரங்களைப் பற்றிய வதந்திகளை விற்றுப் பிழைக்கும் ஊடகக்காரராக வந்தார். வாயால் அல்லது பேனாவால் பிழைக்கும் மனிதர்களின் வேடம் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தது. அந்த மனிதர்களின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும்.

பயிற்றுநர் மைஸ்டர்

திரைப்படங்களில் அவருடைய மிகச் சிறந்த வேடம், எனக்கு, 1995இல் வெளிவந்த 'மிஸ்டர் ஹொலண்ட்ஸ் ஓபஸ்' படத்தில்தான். ரிச்சர்ட் டிரைபஸ் ஓர் இசையாசிரியராக நடித்த படம். முப்பது வருடங்கள் ஒரே பாடசாலையில் கற்பித்த மனிதரின் கதை. ஜே தோமஸ் அந்தப் பாடசாலையின் விளையாட்டுப் பயிற்றுநர் பில் மைஸ்டர். இசையாசிரியரின் நண்பர்.

இரண்டு நண்பர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். அணிவகுத்து நடக்கத் தெரியாத வாத்தியக் குழுவுக்கு மைஸ்டர் நடை பழக்குவார். பதிலுக்கு, படிப்பில் பின்தங்கிய மல்யுத்த மாணவன் லூயிஸ் ரஸுக்கு ஹொலண்ட் மேளம் பழக்க வேண்டும். தாளமே பிடிபடாத அந்த மாணவன் மெதுமெதுவாகக் கற்றுக்கொள்கிறான். ஊர்வலத்தில் மேளம் அடித்துக்கொண்டு போகும்போது பெற்றோர் பெருமையோடு பார்க்கிறார்கள். பார்க்கிற எங்களுக்கும் மனம் நிறைகிறது. பிறகு அவன் வியட்நாம் போருக்குப் போகிறான். கொல்லப்படுகிறான்.

படத்தின் பெரும்பகுதியில் மைஸ்டர் பகிடிக்காரர்தான். ஆனால் அந்தப் பையனை இசையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். பகிடி விடுகிற ஆட்களுக்குத் துயரம் தெரியாது என்று நாங்கள் இலேசாக நினைத்துவிடுகிறோம். போருக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் படத்தின் அந்தப் பகுதியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிற்காலத்தில் 'த சாண்டா குளோஸ்' படவரிசையின் இரண்டாம், மூன்றாம் பாகங்களில் (2002, 2006) ஈஸ்டர் முயலாக வேடமிட்டார். எமி விருது வாங்கியவர் காதும் மூக்கும் ஒட்டிக்கொண்டு முயலாக நின்றதில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. குணச்சித்திர நடிகரின் தொழில் அப்படிப்பட்டதுதான்.

முகமூடி வீரனும் உடைந்த விளக்கும்

சார்லட் நகரத்துக் கதைக்கு இப்போது வருகிறேன்.

லோன் ரேஞ்சர், முகமூடி அணிந்து குதிரையில் வந்து நீதியை நிலைநாட்டும் கற்பனை வீரன். 1933இல் வானொலித் தொடராகப் பிறந்தவன். 1949 முதல் 1957 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில் அந்த வீரனாகப் பெரும்பாலும் நடித்தவர் கிளேட்டன் மூர். தொடர் முடிந்து பல வருடங்கள் கழித்தும் அதே உடையோடு, முகமூடியோடு ஊர் ஊராகப் போய்ப் பொது நிகழ்ச்சிகளில் தோன்றிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளில் சார்லட்டில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் விளம்பர நிகழ்ச்சிக்கு அவர் வந்தார். வானொலி சார்பில் அங்கே நின்றவர்கள் ஜே தோமஸும் அவருடைய நண்பர் ஒருவரும். இருவரும் நீண்ட முடி வளர்த்தவர்கள், இடைவேளையில் கஞ்சாவும் புகைத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்தபோது வீரனை ஏற்றிப்போக வரவேண்டிய வாகனம் வரவில்லை. தங்கள் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில், முன்னால் நின்ற கார் பின்னோக்கி வந்து இவர்களுடைய விளக்கை உடைத்துவிட்டு ஓடியது. பின் ஆசனத்தில் லோன் ரேஞ்சர் உடையோடு அமர்ந்திருக்க, இவர்கள் துரத்திப் பிடித்தார்கள். காரிலிருந்து இறங்கிய மனிதர் மறுத்தார். பொலிஸை அழைப்போம் என்றார்கள் இவர்கள். உங்கள் இரண்டு பேரின் கோலத்துக்கு யார் உங்களை நம்புவார்கள் என்று அவர் கேட்டார். அப்போது பின்கதவு திறந்தது. முகமூடியும் தொப்பியுமாக இறங்கி வந்த கிளேட்டன் மூர், என்னை நம்புவார்கள் என்றார்.

அவ்வளவுதான் கதை. டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். லெட்டர்மனுக்குப் பிடித்துப்போய், நத்தார் வாரத்தில் அவரை அழைத்து இதே கதையைச் சொல்லவைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. கூடவே இன்னொரு வழக்கமும் இருந்தது. 1998இல், மேடையிலிருந்த நத்தார் மரத்தின் உச்சியில் வைத்த இறைச்சி உருண்டையைப் பந்தெறிந்து விழுத்தும் விளையாட்டில், தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்ட வீரரான வின்னி டெஸ்டவேர்டி தவறிக்கொண்டிருக்க, விருந்தினராக வந்த ஜே தோமஸ் ஓடிவந்து எறிந்து விழுத்திவிட்டார். அதன்பின் நத்தார் என்றால் கதையும் பந்தும் அவருடையவை.

காத்தவராயன் கழுவேறப் போகிறான் என்று தெரிந்துகொண்டுதான் விடிய விடிய இருந்து கூத்துப் பார்க்கிறோம். அதுபோல, கடைசி வரி தெரிந்திருந்தும் மக்கள் காத்திருந்து சிரித்தார்கள். அந்தக் கதையின் பலம் எங்கே இருக்கிறது என்று பல முறை யோசித்திருக்கிறேன். அதில் கேலிக்கு ஆளாகிறவர் கதை சொல்பவரே. வயதான நடிகரை ஒரு கணமும் அவர் கேலி செய்யவில்லை. உடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர்தான் கதையின் முடிவில் உயர்ந்து நிற்கிறார். சியர்ஸ் வேடத்தைப் பறித்த பகிடி ஒரு காலையோடு முடிந்திருக்க வேண்டியது. வேறொருவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அது. இந்தக் கதையோ லெட்டர்மன் ஓய்வு பெறப்போகும் தறுவாயிலும் மேடையேறியது. இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான்.

கடைசிக் காலம்

2005 முதல் செய்மதி வானொலியில் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நடிப்பு வாய்ப்புகள் வந்துபோயின. ஒலிவாங்கி கடைசிவரை கூட இருந்தது. 2017 ஓகஸ்ட் 24 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 69. அஞ்சலிக் குறிப்புகள் எமி விருதுகளையும் சியர்ஸையும் சொல்லிவிட்டு, லோன் ரேஞ்சர் கதைக்குத் தவறாமல் வந்து சேர்ந்தன.

நான் அந்த வானொலியில் அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் அழைப்புக்குப் பிறகு செய்த நிகழ்ச்சிகளில் பகிடியை நிறுத்தவுமில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வானொலிக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் சிரித்து எனக்கு நினைவில்லை. செய்திக்காகவே கேட்டோம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அறியக் கேட்டோம். இன்றைக்கு அதே மக்களுக்குக் காலையில் சிரிக்க ஒரு வானொலி இருக்கிறதென்றால் அது சின்ன விடயம் அல்ல.

பிறகு நான் விட்ட பகிடிகளில் பெரும்பாலும் நானே மாட்டிக்கொண்டேன். சமைக்கத் தெரியாதவன், பஸ்ஸைத் தவறவிட்டவன், அம்மாவிடம் ஏச்சு வாங்கியவன். கலையகத்தில் முன்பளவுக்குச் சிரிக்கவில்லை. வெளியே யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா பிறகு ஒரு முறை அழைத்தார், ஒரு பழைய பாட்டுக் கேட்டு. போட்டுவிட்டேன்.